அளவுக்கு மீறிய ஒற்றுமை

"உன் நம்பர் ரொம்ப நல்லா இருக்கு," என்றார் மேடம்.

ஐந்து வருடமாக அவரிடம் ஆராய்ச்சி செய்கிறேன். என்னுடைய எதையும் அவர் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. அதனால் முதலில் சந்தோஷப்பட்டுவிட்டேன். என் புத்தி எப்போதும் எனக்குக் கொஞ்சம் பின்னால்தான் வந்து சேரும்.

"சிரிக்காத. நம்பர் இவ்வளவு நல்லா இருந்தா அதுல ஏதோ தப்பு இருக்குன்னு அர்த்தம்."

விஷயம் இதுதான். உளவியல் துறையின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை வீட்டுக் கூடம் மாதிரி ஜோடித்து வைத்திருக்கிறோம். ஒரு சோபா, ஒரு தரைவிரிப்பு, யாரும் தண்ணீர் ஊற்றாததால் பிளாஸ்டிக்காக மாற்றப்பட்ட ஒரு செடி. கல்யாணமான ஜோடிகளை அங்கே உட்காரவைத்து, பாகம் பாகமாகப் பிரித்த ஒரு புத்தக அலமாரியைக் கொடுத்து, சேர்ந்து பொருத்தச் சொல்வோம். எப்படிப் பொருத்துவது என்று அச்சடித்த தாளை மட்டும் நாங்கள் எடுத்து வைத்துக்கொள்வோம். மூலையில் கேமரா ஓடும். ஒரு குடும்பத்தின் உள்விவகாரம் வெளியே வர அது போதும்.

நான் தேடுவது சண்டையை அல்ல. சண்டையை எனக்கு முன்னால் வந்தவர்கள் எண்ணித் தீர்த்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது விட்டுக்கொடுத்தல், அதிலும் வாயைத் திறக்காமல் நடக்கிற விட்டுக்கொடுத்தல். மனைவி ஒரு பலகையை எடுக்கிறாள். கணவன் ஒன்றும் சொல்வதில்லை. மூச்சை மட்டும் கொஞ்சம் நீளமாக விடுகிறான். அவள் பலகையைக் கீழே வைத்துவிடுகிறாள். அந்தக் கணத்தில் நாங்கள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். விட்டுக்கொடுத்தது அவளா அவனா என்பதைப் பிறகு நிறுத்தி நிதானமாகப் பார்த்துக்கொள்வோம். ஜோடிகள் வந்ததுமே ஆளுமைக் கேள்விகளுக்கும் பதில் சொல்லியிருப்பார்கள். 'நான் துணிச்சல்காரி, எந்த முடிவையும் நானே எடுப்பேன்' என்று சொன்ன பெண்ணும் அலமாரிக்கு முன்னால் பலகையைக் கீழே வைப்பாள். பெண் என்றால் இப்படி, ஆண் என்றால் இப்படி என்று வளர்த்த வளர்ப்பு, குணத்தையே அமுக்கிவிடும். இதுதான் என் ஆய்வேடு. இதைச் சொல்ல ஐந்து வருடமா என்று என் மாமனார் ஒருமுறை கேட்டார். கேட்டுவிட்டு மாமியார் முகத்தைப் பார்த்தார்.

ஒரே ஆள் பார்த்துப் பொத்தான் அழுத்தினால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு பேர் தனித்தனியாக அழுத்த வேண்டும். இருவரும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. அதற்குக் கப்பா என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ கராத்தே அடி மாதிரி இருக்கும். பூஜ்யம் வந்தால் இருவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு அழுத்தியிருக்கிறார்கள். ஒன்று வந்தால் இருவரும் ஒரே மூளையில் குடித்தனம் நடத்துகிறார்கள். நல்ல ஆராய்ச்சி இரண்டுக்கும் நடுவில், சற்று மேலே இருக்கும்.

எங்களுடையது ஒன்றை முட்டிக்கொண்டு நின்றது.

"புருஷன் பொண்டாட்டிகூட இவ்வளவு ஒத்துப்போக மாட்டாங்க," என்றார் மேடம். "வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளர் முதல்ல இதைத்தான் பிடிப்பார். யாரோ ஒருத்தர் இன்னொருத்தரைப் பாத்து அழுத்துறீங்க. யாருன்னு கண்டுபிடி. அவங்க அழுத்தினது மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு, புது ஆளை வெச்சுத் திரும்பப் பண்ணணும்."

"நான் இல்ல மேடம்."

"நீன்னு நான் சொன்னேனா?"

சொல்லவில்லை. பொத்தான் அழுத்துகிறவர்களில் என்னைத் தவிர மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அவள் அப்போது கீழ்த்தளத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அவளை எல்லோரும் கறார் என்றுதான் கூப்பிடுவோம். முதுகலை கடைசி வருடம். யார் கேட்டாலும் சரியாகப் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அலமாரித் திருகாணிகளைச் சிறியது பெரியது என்று தனித்தனி டப்பாவில் போட்டு வைத்தவள் அவள்தான். வேறோர் ஊரில் முனைவர் படிப்புக்கு இடம் கேட்டிருந்தாள். அந்த இடம் கிடைப்பது இந்த ஆராய்ச்சியில் அவள் பெயர் வருவதையும் மேடத்தின் பரிந்துரையையும் பொறுத்திருந்தது. அதாவது, காப்பியடிப்பது அவள் என்றால் அவள் கதை முடிந்தது. நான் என்றால் என் கதைக்கு இன்னும் ஒரு வருடம் கூடும். ஆய்வேடு எழுதுகிறவனே காப்பியடித்தான் என்று துறை முழுக்கச் சிரிக்கும் என்பது தனி.

நான் இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே கண்டுபிடிப்பு பாதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பொத்தான் அழுத்தும் அறையை நீங்கள் பார்க்க வேண்டும். முன்பு துடைப்பம் வைக்கிற அறையாக இருந்தது. இப்போதும் மழை நாளில் அதன் வாசனை வரும். ஜோடிகளின் படம் வெளியே போகக் கூடாது என்பதால் அந்த அறையில் பூட்டிவைத்த ஒரே இயந்திரத்திலிருந்து இரண்டு திரைகளுக்கும் ஒரே நேரத்தில் படம் ஓடும். ஒரு நீள மேசை. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இருவருக்கும் காதில் பாதியை மட்டும் மூடுகிற மலிவு ஹெட்போன். பேசக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. இந்த ஏற்பாட்டில் எனக்கிருந்த ஒரே குறை அவளுடைய நாற்காலி. அவள் முன்னால் சாய்ந்தால் அது கிறீச் என்று அழும். ஹெட்போனையும் தாண்டி அது என் மண்டைக்குள் வரும். அதற்கு எண்ணெய் போடச் சொல்லிப் பலமுறை புகார் கொடுத்தும் யாரும் காதில் வாங்கவில்லை.

நான் கண்காணிப்பை ஆரம்பித்தேன்.

முதலில் தடுப்பை உயர்த்தினேன். அலமாரி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து மேலே ஒட்டினேன். கறார் உள்ளே வந்து அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன சீனியர், வீடு கட்டுறீங்களா?"

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

"அட்டைக்கு அந்தப் பக்கம் நான்தானே இருக்கேன். நான் அவ்வளவு பிரகாசமாவா இருக்கேன்?"

கெட்டிக்காரி, பேச்சை மாற்றுகிறாள் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்த வாரம் கப்பா இறங்கவில்லை. பொத்தான் சத்தத்தைக் கேட்கிறாள் என்று தோன்றியது. கைக்குட்டையை மடித்து அதன்மேல் வைத்து அழுத்தினேன். அப்போதும் இறங்கவில்லை. சரி, என் மூச்சைக் கேட்கிறாள். விட்டுக்கொடுக்கும் கணம் வரும்போது என்னையறியாமல் மூச்சு மாறுகிறது. அதை வைத்துப் பிடிக்கிறாள். சும்மாவா, மூச்சு விடுவதை எண்ணுகிற ஆராய்ச்சியில் இருப்பவள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல், எந்தச் சத்தமும் வராமல் உட்கார்ந்தேன்.

தடுப்பின் ஓரமாக அவள் தலை நீண்டது.

"சீனியர், உடம்பு சரியில்லையா?"

"ஏன் கேக்குறீங்க?"

"மூச்சே காணோம். இருக்கீங்களா போய்ட்டீங்களான்னு பாத்தேன்."

பார்த்தீர்களா. என் மூச்சைக் கவனிக்கிறாள் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. அன்று கப்பா முன்னைவிட இன்னும் ஏறியிருந்தது. நான் சத்தம் குறைக்கக் குறைக்க ஒற்றுமை கூடிக்கொண்டே போனது. இதை வைத்து நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிற நிலைமை வந்திருக்காது.

மறுநாள் இன்னொன்று கிடைத்தது. தாழ்வாரத்தில் கறாரும் எங்கள் டெக்னீஷியனும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். டெக்னீஷியனுக்கு வயர் அண்ணன் என்று பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு வயர் மாலை தொங்கும். பேச்சில் 'சீனியர்' என்ற சொல் இரண்டு தடவை வந்தது. என்னைக் கண்டதும் இருவரும் நிறுத்தினார்கள்.

"என்ன அண்ணே, என்ன பேச்சு?"

"ஒண்ணும் இல்ல தம்பி."

"என் பேரு அடிபட்ட மாதிரி இருந்துச்சு."

"உலகத்துல நீ ஒருத்தன்தான் சீனியரா?" என்று கேட்டுவிட்டு அவர் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். கறார் படியேறிப் போனாள். ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் நிறுத்த வேண்டும்?

சாயங்காலம் நேராக மனைவியின் கடைக்குப் போனேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாங்கள் சந்தித்துக்கொண்டதே அங்கேதான். கன்னத்தை ஓர் இயந்திரத்தில் பொருத்திவைத்து, ஒரு வில்லையைக் காட்டி, அடுத்ததைக் காட்டி, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று கேட்டாள். இரண்டும் எனக்கு ஒரே மாதிரி இருந்தன. ஆனால் 'ரெண்டு' என்னும்போது அவள் குரல் லேசாக உயர்ந்த மாதிரி பட்டது. ரெண்டு என்றேன். இப்படியே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி, என் கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கண்ணாடியோடு வீடு போய்ச் சேர்ந்தேன். கொஞ்ச நாள் படிக்கட்டெல்லாம் வில்லாக வளைந்து தெரிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் திரும்பிப் போக வேறு காரணமும் இருந்தது. இன்றைக்கும் எங்கள் கல்யாணத்தை அவள் தொழில் பிழை என்றுதான் சொல்வாள்.

அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வில்லைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு உன்னைப் பாத்து அழுத்துதா?"

"ஆமா."

"உன்னையா?"

"ஏன், என்னைப் பாத்து யாரும் எதுவும் செய்யக் கூடாதா?"

"தாராளமா செய்யலாம். நேத்து கடையில சட்டை எடுக்க நீ எவ்வளவு நேரம் நின்னேன்னு யோசிச்சேன், அவ்வளவுதான். நீலமா பச்சையான்னு உனக்கே தெரியல. நான் நீலத்தைப் பாத்துட்டுத் திரும்பி நடந்ததும் அதை எடுத்துட்டு ஓடி வந்த."

"அது வேற. பொதுவா பெண்கள்தான் சுத்தி இருக்கிறவங்களைப் பாத்து நடந்துக்குவாங்கன்னு அஞ்சு வருஷமா நிரூபிச்சிட்டிருக்கேன்."

"நிரூபி," என்றாள். "யார் வேண்டாம்னா? நீலம் உனக்கு நல்லாத்தான் இருக்கு."

அவள் பேச்சில் ஏதோ குத்தல் இருந்தது. இருந்தாலும் அவளுக்கு ஒரு பொறி வைக்கிற யோசனை, கறாருக்குத்தான், அங்கேதான் வந்தது. ஒரே படத்தைப் பார்த்தால்தானே யார் யாரைப் பார்த்து அழுத்துகிறார் என்ற குழப்பம்? அவளுக்கு ஒரு படம், எனக்கு வேறு படம் போட்டுவிட்டால்? அவள் நேர்மையாக இருந்தால் எங்கள் கப்பா தரைக்கு வர வேண்டும். ஒன்றை முட்டிக்கொண்டே நின்றால் கையும் களவுமாகப் பிடிபட்டாள்.

வயர் அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலா?"

"தெரிஞ்சா அது பொறியே இல்லண்ணே."

"உனக்கு மட்டும் தெரியும்."

"நான்தானே வைக்கிறேன்."

"சரி தம்பி. நீ படிச்சவன்," என்றார். அதில் மரியாதை எவ்வளவு என்று அப்போது நான் அளக்கவில்லை.

புதிதாக எடுத்த இரண்டு படங்களை அவர் தேர்ந்தெடுத்தார். கறார் பக்கம் ஒரு பிளம்பரும் ஆசிரியையான அவர் மனைவியும். என் பக்கம் ஓய்வுபெற்ற தபால்காரரும் அவர் மனைவியும். படம் ஓடியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறு கதை நடக்கிறது என்று தெரிந்தும், நான் என் கடமையில் கண்ணாக இருந்தேன். தபால்கார வீட்டம்மா ஒரு திருகாணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஓர் ஆயுளின் விட்டுக்கொடுத்தல் இருந்தது. அழுத்தினேன். பிறகு தபால்காரர் முழங்காலைச் சொறிந்தார். அந்தச் சொறிதலில் இருந்த அதட்டலுக்கு அம்மா எப்படிப் பணிந்தார் என்று கண்டேன். அழுத்தினேன். அனுபவம் வந்துவிட்டால் இப்படித்தான், மற்றவர்கள் தவறவிடுவதெல்லாம் கண்ணில் படும்.

படம் முடிந்தது. கணக்குப் போட்டேன். கப்பா முட்டிக்கொண்டு நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கூடவே ஒரு வருத்தமும் வந்தது. திருகாணிகளை அவ்வளவு அழகாகப் பிரித்து வைத்த பெண். இருந்தாலும் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி மேடத்தின் அறைக்கு ஓடினேன்.

"பிடிச்சிட்டேன் மேடம். அவளுக்கு வேற படம், எனக்கு வேற படம். அப்பவும் ஒரே இடத்துல அழுத்தியிருக்கோம். என்னைப் பாத்துத்தான் அழுத்துறா."

மேடம் எண்ணைப் பார்த்தார். பேனாவால் மேசையை மெதுவாகத் தட்டினார். அது அவர் பழக்கம்; அவர் மனதில் ஒரு பதில் உருவாகிவிட்டது என்று அர்த்தம்.

"படத்தோட சேத்துப் பாத்தியா?"

"எதுக்கு மேடம்? நம்பரே சொல்லுதே."

"அவளையும் வயரையும் கூப்பிடு. படத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லு."

கறார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததை மேடம் அவளிடம் நேராகச் சொன்னார். அவள் முகம் மாறவில்லை. என்னை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தெரிந்தவர் வீட்டு நாய் திடீரென்று கடித்தால் அதை ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

"எனக்கு வேற படமா போட்டீங்க?"

"ஆராய்ச்சிக்காகத்தான்," என்றேன்.

"அட்டை ஒட்டினதும் ஆராய்ச்சிக்காகத்தானா?"

வயர் அண்ணன் முதலில் அவளுடைய படத்தை ஓட்டினார். அவள் அழுத்திய இடம் வரும்போதெல்லாம் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். ஆசிரியை ஒரு பலகையை எடுத்தார். பிளம்பர் தொண்டையைச் செருமினார். ஆசிரியை பலகையை வைத்தார். புள்ளி மின்னியது. பிளம்பர் திருகாணியை வாயில் கவ்வினார். ஆசிரியை புருவத்தைத் தூக்கினார். பிளம்பர் அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார். புள்ளி. எங்கேயும் ஒரு பிசகு இல்லை. கைப்பிடித்து எழுதிக்கொடுத்த மாதிரி அவ்வளவு சரி.

"இதுல இவ எதுக்கு உன்னைப் பாக்கணும்?" என்றார் மேடம். "அவனோடதைப் போடுங்க."

என் படம் ஓடியது. தபால்கார வீட்டம்மா திருகாணியைப் பார்த்தார். புள்ளி மின்னியது.

"இங்க என்ன?" என்று மேடம் கேட்டார்.

"அந்தப் பார்வையில மேடம்..."

"அவங்க அதுல போட்டிருக்கிற நம்பரைப் படிக்கிறாங்க."

தபால்காரர் முழங்காலைச் சொறிந்தார். புள்ளி மின்னியது.

"இங்க?"

நான் திரைக்கு அருகே குனிந்து தேடினேன்.

"கொசு," என்றார் வயர் அண்ணன், எனக்கு உதவுகிற மாதிரி.

தொடர்ந்து ஓடியது. அந்தத் தம்பதி ஒருவருக்கொருவர் பலகையை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு, யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காமல் ஓர் அலமாரியைப் பொருத்தி முடித்தார்கள். நடுநடுவே என் புள்ளிகள், சம்பந்தமில்லாத வீட்டில் நுழைந்து மணியடிக்கிற ஆள் மாதிரி மின்னிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் பிளம்பர் வீட்டில் ஏதோ நடந்த அதே கணத்தில் விழுந்திருந்தது.

என் காது சூடாகியது.

"நான் பாக்கலை மேடம்," என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. "சத்தியமா எட்டிப் பாக்கலை. அட்டை ஒட்டியிருந்துச்சு."

"தெரியும்," என்றது கறார்தான். "எட்டிப் பாத்தா தெரிஞ்சிருக்கும். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"என்னையா?"

"கைக்குட்டையை மடிச்சு வெச்சுக்கிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருந்தா யார்தான் பாக்க மாட்டாங்க?"

மேடம் எல்லோரையும் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனார். கறாரை அவள் இடத்தில் உட்காரச் சொன்னார். என்னை என் இடத்தில், திரையை அணைத்து வைத்து, பொத்தான்மேல் கட்டைவிரலோடு. வயர் அண்ணன் அவளுக்கு மட்டும் ஏதோ ஒரு படத்தை ஓட்டினார். நான் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறீச்.

என் கட்டைவிரல் அழுத்தியது. நான் அழுத்தவில்லை, அதுவாக அழுத்தியது. என் பொத்தான் ஒருமுறை டக் என்றது, அவள் பொத்தான் ஒருமுறை டக் என்றது, இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டன.

"நாற்காலி," என்றார் மேடம்.

யாராவது விட்டுக்கொடுக்கப் போகிறார் என்று தோன்றினால் கறார் முன்னால் சாய்வாள். அது அழும். நான் அழுத்துவேன். அழுத்திய பிறகு திரையில் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பேன். அந்த அழுகையை நிறுத்தச் சொல்லித்தான் நான் புகார்மேல் புகார் கொடுத்திருந்தேன்.

"எண்ணெய் போடணும் போடணும்னு இந்தப் பிள்ளை என்கிட்ட எத்தனை தடவை சொல்லுச்சு," என்றார் வயர் அண்ணன். "சீனியருக்கு அந்தச் சத்தம் பிடிக்கல, பாவம், வாய்க்குள்ளயே திட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, கொஞ்சம் பாருங்கண்ணேன்னு. அன்னைக்குத் தாழ்வாரத்துல அதைத்தான் பேசிட்டிருந்தோம். உனக்குத் தெரிஞ்சா கூச்சப்படுவேன்னு சொல்ல வேண்டாம்னுச்சு. நான்தான் மறந்துட்டேன்."

நான் கறாரைப் பார்க்கவில்லை. பார்க்கிற தெம்பு இல்லை.

மீண்டும் மேடத்தின் அறை. வயர் அண்ணன் போய்விட்டார். நாங்கள் மூன்று பேர். மேடம் கதவைச் சாத்தினார்.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்றார். பேனா மேசையைத் தட்ட ஆரம்பித்தது. "ஒண்ணு, உன்னோடதை மட்டும் தூக்கிப் போடணும். அப்ப காரணம் எழுதணும். அஞ்சு வருஷம் பண்ணின ஆளுக்கு நல்லா இருக்காது, எனக்கும் நல்லா இருக்காது. இல்லேன்னா, கருவிக் கோளாறுன்னு சொல்லி ரெண்டு பேரோடதையும் எடுத்துடலாம். புதுசா ரெண்டு பேரைப் போடலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க." தட்டல் நின்றது, பிறகு மறுபடியும் மெதுவாகத் தொடங்கியது. "நாற்காலியும் கருவிதானே."

கறார் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருடையதையும் எடுத்தால் இந்த ஆராய்ச்சியில் அவள் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் அந்த ஊரில் இடம் இருக்காது. அவளுக்கும் அது புரிந்திருந்தது. ஆனால் மேடம் கேட்டது என்னைத்தான்.

மேடம் என்ன பதிலை விரும்புகிறார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. பதில் அந்தப் பேனாவில் இருந்தது, அவர் தலை சாய்ந்த கோணத்தில் இருந்தது, 'கோளாறு' என்னும்போது மட்டும் இளகிய குரலில் இருந்தது. என் கட்டைவிரல் அப்போதே தயாராகிவிட்டது. வாயும் பாதி திறந்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மேடம் ஒரு வெளிறிய மேகமானார். கறார் இன்னொரு மேகம். பிரச்சினை என்னவென்றால் என் வியாதி கண்ணில் இல்லை, காதில். காதைக் கழற்ற வழியில்லை. பேனா இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. அது கேட்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சத்தமாகப் பேசுவது.

"இவங்களோடதுல ஒரு தப்பும் இல்ல மேடம்!" என்றேன். கதவுக்கு வெளியே நடந்து போன யாரோ நின்ற மாதிரி கேட்டது. "என்னோடதுதான் போகணும். காரணத்தை அப்படியே எழுதுங்க. நாற்காலின்னே எழுதுங்க. இவங்க பேர் இருக்கட்டும்."

தட்டல் நின்றது.

"கத்தாத," என்றார் மேகம். "இன்னும் ஒரு வருஷம் ஆகும். தெரியுதுல்ல?"

"தெரியுது மேடம்."

"உன் ஆய்வேட்டுல ஆம்பளைங்க விட்டுக்கொடுக்கிற பகுதி ரொம்ப மெலிசா இருந்துச்சு," என்றார். குரலில் கோபமா சிரிப்பா என்று முகம் தெரியாமல் கண்டுபிடிக்க முடியவில்லை. "இனிமே அது கொஞ்சம் கனமாகும். போ. இவளோட பரிந்துரையை இன்னைக்கே அனுப்பறேன்."

வெளியே வந்தோம். நான் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன்.

"சீனியர், கண்ணாடியைப் போடுங்க. படி வருது."

போட்டுக்கொண்டேன். அவள் முகம் மறுபடியும் கறாராக இருந்தது.

"மன்னிச்சிடுங்க," என்றேன். "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேன்."

"பரவாயில்ல. நீங்க மூச்சை அடக்கினப்ப நானும் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்." இரண்டு படி இறங்கிவிட்டு நின்றாள். "ஒண்ணு கேக்கலாமா? உள்ள சொன்னீங்களே, அந்த முடிவு, அது நீங்களா எடுத்ததுதானே?"

"பின்னே? கண்ணாடிகூட இல்ல. மேடம் பேனாவுக்கு நேரெதிரா சொன்னேன். உங்க நாற்காலியும் அங்க இல்ல."

"நாற்காலி இல்லதான்," என்றாள். "ஆனா நீங்க வாயைத் திறந்தப்ப நான் செருப்பைத் தரையில ஒரு தேய் தேச்சேன்."

நான் அவளையே பார்த்தேன். சிரிக்கிறாளா என்று தேடினேன். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது. இருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

"விளையாடுறீங்க."

"இருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். ரப்பர் செருப்பு. ஒரு சத்தமும் வரவில்லை. நான் அந்தப் படியிலேயே நின்று, உள்ளே என்ன கேட்டேன் என்ன கேட்கவில்லை என்று வெகுநேரம் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.